எழுந்து நின்ற பிள்ளை: ஒரு டீச்சரின் ‘கருக்கு’ வாசிப்பு

2025 ஜூலையில் ஒருநாள் காலை, பிரேயர் முடிந்த கையோடு எங்கள் வகுப்பில் பெஞ்சுகளை இழுத்துப் போட்டோம். இருக்கைகளை ‘ப’ வடிவத்தில் மாற்றச் சொல்லிப் பள்ளிக் கல்வித்துறையிலிருந்து சுற்றறிக்கை வந்திருந்தது. எல்லாத்துக்கும் காரணம் ஒரு மலையாளப் படம் என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொண்டார்கள். ‘ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்’. 2024-இன் கடைசியில் வந்த படம். ஏழாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்கிற ஒரு பையன் பள்ளித் தேர்தலில் நிற்கிற கதை. கடைசி பெஞ்சே இல்லாத வகுப்பறை என்கிற யோசனை அந்தப் படத்திலிருந்து கேரளத்துப் பள்ளிகள் சிலவற்றுக்குப் போய், அங்கிருந்து மலை இறங்கி இந்தப் பக்கமும் வந்துவிட்டது.

எனக்குச் சொந்த ஊர் தளவாய்புரம். ராஜபாளையத்துக்குத் தெற்கே இருக்கிற, நைட்டி தைக்கிற ஊர். தெருவுக்குள் நுழைந்தால் பவர் மெஷின் சத்தம் கேட்காத வீடு குறைவு. என் அம்மா இருபது வருஷம் பீஸ் ரேட்டுக்குத் தைத்துத்தான் என்னை பி.எட். படிக்க வைத்தாள். இப்போது நான் தமிழ் எடுக்கிற பள்ளியும் இந்த வட்டாரத்தில்தான். என் பிள்ளைகளில் பாதிப்பேர் ராத்திரி வீட்டில் உட்கார்ந்து தைத்த துணியில் பிசிறு வெட்டிவிட்டு வருகிறவர்கள். காலையில் முதல் பீரியடில் கண் சொருகும். ஒன்பதாம் வகுப்பு, 43 பேர். அந்த அறைக்குள் ‘ப’ போடுவது சாதாரண வேலை இல்லை. கடைசியில் அது ‘ப’வாகவும் இல்லாமல் ‘ட’வாகவும் இல்லாமல் ஒரு மாதிரி நின்றது. ஆனாலும் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். எனக்கும்தான். எல்லார் முகமும் ஒரே நேரத்தில் தெரிந்தது.

நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, உதவித்தொகை வேலை வந்தது. ஆதார், வங்கிக் கணக்கு, சாதிச் சான்றிதழ் எல்லாம் சரிபார்த்து அன்றைக்கே அனுப்ப வேண்டும். நான் அவசரத்தில் வகுப்பில் சொன்னேன்: “எஸ்.சி. பிள்ளைங்க மட்டும் எந்திரிங்கப்பா, எண்ணிக்கிடுறேன்.”

ஆறு பேர் எழுந்தார்கள். என் கணக்குப்படி ஏழு. ‘ப’வின் இடது கையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழவில்லை. நோட்டில் மார்ஜின் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். போட்ட கோட்டின் மேலேயே மறுபடி போட்டுக்கொண்டிருந்தாள். “இன்னும் ஒரு ஆள் யாருப்பா?” என்று நான் கேட்டேன். கேட்டதை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. எல்லாரும் எல்லாரையும் பார்த்தார்கள். வரிசை பெஞ்சாக இருந்தால் எழுந்து நிற்கிற பிள்ளைக்கு முன்னால் இருப்பவர்களின் முதுகுதான் தெரியும். ‘ப’வில் நாற்பது முகமும் தெரியும்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் தனியாக வந்தாள். “டீச்சர், என் பேரையும் எழுதிக்கோங்க” என்றாள். எழுதினேன். போகும்போது நின்று, கோபமெல்லாம் இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டாள்:

“லிஸ்ட்டு உங்ககிட்டதான டீச்சர் இருக்கு?”

இருந்தது. என் மேஜை மேலேயே இருந்தது.

*

அன்று ராத்திரி ‘கருக்கு’வை எடுத்தேன். கல்லூரியில் பாடமாகப் படித்த புத்தகம். தலித் தன்வரலாறு, பெண் எழுத்து, பேச்சு மொழி, பத்து மதிப்பெண் வினா. 1992-இல் வந்தது, 2000-இல் லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார், அதற்குப் பரிசு கிடைத்தது என்று மனப்பாடமாகச் சொல்வேன். பாமாவின் ஊர் வத்திராயிருப்புப் பக்கத்துப் புதுப்பட்டி என்பதும் தெரியும். எங்கள் ஊரில் பஸ் ஏறினால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில், அப்புறம் மேற்கே திரும்பினால் வத்திராயிருப்பு. அதே மலை, அதே கண்மாய், அதே பனை. இவ்வளவு பக்கத்தில் இருந்தும், இந்தப் புத்தகம் என்னைப் பற்றியது என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அனுதாபத்தோடு படித்திருந்தேன். அனுதாபத்தோடு படிக்கிறவருக்குப் புத்தகத்துக்குள் ஒரு வேலையும் இல்லை. வெளியே நின்று பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

இந்த முறை ஒரு டீச்சராகப் படித்தேன். அப்படிப் படித்தால் ‘கருக்கு’ வேறு புத்தகமாகத் தெரிகிறது. அதில் நடக்கிற அவமானங்களில் எத்தனை பள்ளிக்கூடத்திலும் ஹாஸ்டலிலும் கான்வென்ட்டிலும் நடக்கின்றன என்று கவனித்தால் திடுக்கென்று இருக்கிறது. தெருவிலும் வயலிலும் பஸ்ஸிலும் நடப்பவை இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை நம்பிப் போன இடம் பள்ளிக்கூடம். நம்பிப் போன இடத்தில் விழுகிற அடிக்குத்தான் தழும்பு அதிகம்.

தேங்காய்ச் சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். புத்தகத்தைப் படித்தவர்கள் யாரும் மறக்காத பகுதி. சாயங்காலம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் விளையாடுகிறார்கள். தென்னை மரத்தில் ஏறித் தொட்டுவிட்டு வருகிற விளையாட்டில் காய் ஒன்று விழுந்துவிடுகிறது. பயந்து, அதை அங்கேயே போட்டுவிட்டு ஓடுகிறார்கள். மறுநாள் காலையில் எல்லாப் பிள்ளைகளும் கூடி நிற்கும்போது தலைமையாசிரியர் அந்தச் சிறுமியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, சாதியைச் சொல்லி, திருடி என்கிறார். பள்ளிக்கூடத்துக்குள் வரக் கூடாது என்கிறார். மறுபடி உள்ளே வர வேண்டுமானால் சாமியாரிடம் கடிதம் வாங்கி வர வேண்டும். சாமியாரும் சேரிப் பிள்ளைதானே, செய்திருக்கும் என்கிற தொனியில்தான் பேசுகிறார். ஒருவழியாகக் கடிதம் கிடைக்கிறது, அவள் உள்ளே போகிறாள்.

கல்லூரியில் இந்த இடத்தை விளக்கிய பேராசிரியர், தலைமையாசிரியரின் சாதி வெறி என்று சொல்லி முடித்தார். அது சரிதான். ஆனால் டீச்சராகப் படிக்கும்போது என் கண்ணில் படுவது வேறு. அங்கே விசாரணையே இல்லை. “நீ எடுத்தியா?” என்ற ஒரு கேள்வி இல்லை. பழி சொல்லப்படுகிற இடம் பிரேயர் நடக்கிற மைதானம், ஊரே கூடுகிற இடம். ஆனால் திரும்பி உள்ளே வருகிற வழி ஒற்றையடிப் பாதை. ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு, தனியாக, தலையைக் குனிந்துகொண்டு வர வேண்டும். எல்லார் முன்னாலும் திருடி என்று சொன்னவர்கள், எல்லார் முன்னாலும் அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. வகுப்பறைப் பண்பாடு என்று பயிற்சி வகுப்புகளில் பேசுகிறோமே, அது என்ன என்று யாராவது கேட்டால் இந்த இரண்டு பக்கத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்வேன். ஒரு பள்ளியில் பழி எந்த இடத்தில் வைத்துச் சொல்லப்படுகிறது, மன்னிப்பு எந்த இடத்தில் வைத்துச் சொல்லப்படுகிறது என்று பார்த்தால் போதும். அந்தப் பள்ளியின் பண்பாடு பிடிபட்டுவிடும்.

அப்புறம் இன்னொரு இடம். தேங்காய் அளவுக்குப் பேசப்படாதது. பள்ளியில் ஹரிஜனப் பிள்ளைகள் யாரென்று எழுந்து நிற்கச் சொல்வார்கள். தண்டிக்க இல்லை. சலுகை கொடுக்க, கணக்கெடுக்க. கூட்டத்தில் ஒரு சிலர் மட்டும் எழுந்து நிற்க, மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தக் கூச்சத்தை பாமா எழுதியிருக்கிறார். கல்லூரியில் படித்தபோது இந்தப் பத்தி என் கண்ணில் படவே இல்லை. என் பிரதியில் தேங்காய்க்குப் பக்கத்தில் பென்சில் கோடு இருக்கிறது. இங்கே ஒரு கோடும் இல்லை. என் பள்ளிக்காலத்தில் நான் அப்படி எழுந்து நிற்க வேண்டி வந்ததே இல்லை. எழுந்து நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தவள் நான். அதனால்தான் அந்தச் சொல் என் வாயில் இவ்வளவு சுலபமாக வந்தது.

தேங்காய்ச் சம்பவத் தலைமையாசிரியரை வில்லன் என்று சொல்லி நான் தப்பித்துவிடலாம். இந்த இரண்டாவது இடத்தில் வில்லனே இல்லை. நல்ல காரியம் செய்ய வந்த ஒருத்தர், கையில் ஒரு லிஸ்ட். அது நான்.

*

தமிழில் நல்லாசிரியர் புத்தகங்களுக்குப் பஞ்சமில்லை. பி.எட். படிக்கும்போது எங்களுக்கு ஒரு சின்ன அலமாரியே இருந்தது. ‘டோட்டோ சான்’, கிஜுபாய் பத்தேகாவின் ‘பகல் கனவு’, இரா. நடராசனின் ‘ஆயிஷா’. சினிமாவில் ‘சாட்டை’. இவற்றைப் படித்தும் பார்த்தும்தான் நாங்கள் டீச்சர் ஆனோம். அதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. குறைந்தபட்சம் கம்பை எடுக்காத ஒரு தலைமுறையை அவை உருவாக்கின.

ஆனால் ‘கருக்கு’வைப் படித்துவிட்டு அந்த அலமாரிக்குத் திரும்பினால் ஒன்று உறுத்துகிறது. இந்தக் கதைகளில் நம் ஊரில் நடக்கிறவற்றில் வகுப்பறையின் நோய் பெரும்பாலும் பயமும் மனப்பாடமும்தான். மருந்து, அன்பான ஒரு ஆசிரியர். அவர் வருவார், கண்டிப்பான பழைய ஆட்கள் எதிர்ப்பார்கள், பிள்ளைகள் அவர் பக்கம் சாய்வார்கள். கதையின் நடுவில் நிற்பது ஆசிரியர். ‘ஆயிஷா’ இதில் மற்றவற்றை விடக் கூர்மையானது. கேள்வி கேட்டதற்காக அடி வாங்குகிற ஒரு பெண், அடி வலிக்காமல் இருக்கத் தானே தன்மேல் ஒரு சோதனை செய்துபார்த்துச் செத்துப்போகிறாள். அதைச் சொல்பவர் அவளுடைய டீச்சர். அந்தச் சாவு டீச்சரை மாற்றுகிறது, எழுத வைக்கிறது. முதல்முறை படித்தபோது அழுதேன். இப்போது படிக்கும்போது ஒரு சங்கடம். டீச்சர் விழித்துக்கொள்வதற்கு ஒரு பிள்ளை சாக வேண்டியிருக்கிறதே என்பது முதல் சங்கடம். அழுது முடித்ததும், நான் அந்த அடிக்கிற ஆட்களில் ஒருத்தி இல்லை என்கிற நிம்மதி எனக்கு வந்துவிடுகிறதே என்பது இரண்டாவது. அடிக்காமலே ஒரு பிள்ளையைக் கூசவைக்க முடியும் என்பதற்கு அந்தக் கதையில் இடமில்லை.

‘டோட்டோ சான்’ விஷயத்தில் மட்டும் நான் தப்பாகப் படித்திருந்தேன் என்று இப்போது தெரிகிறது. ரயில் பெட்டி வகுப்பறை, கடலில் கொஞ்சம் மலையில் கொஞ்சம் சாப்பாடு என்று இனிப்பான புத்தகமாகவே நினைவில் இருந்தது. அதில் ஒரு இடம் வருகிறது. வளர்ச்சி நின்றுபோன, குள்ளமான ஒரு பையன் அந்த வகுப்பில் உண்டு, பெயர் தகாஹாஷி. ஒருநாள் வகுப்பில் மனிதனுக்கு முன்பு வால் இருந்தது என்று பாடம் போகிறது. டீச்சர் விளையாட்டாக அவனைப் பார்த்து, உனக்கு வால் இருக்கிறதா என்கிற மாதிரி ஒன்று கேட்டுவிடுகிறார். பள்ளித் தலைமையாசிரியர் கோபயாஷிக்கு இது தெரிகிறது. அவர் அந்த டீச்சரைக் கடுமையாகக் கண்டிக்கிறார். எங்கே வைத்து? ஆசிரியர் அறையில் வைத்து இல்லை, அங்கே மற்ற ஆசிரியர்கள் இருப்பார்கள். அடுக்களைக்குக் கூட்டிப்போய்க் கண்டிக்கிறார். சிறுமி டோட்டோ தற்செயலாகக் கேட்டதால்தான் நமக்கே தெரிய வருகிறது.

புதுப்பட்டியில் ஒரு தலைமையாசிரியர் ஒரு சிறுமியை மைதானத்தில் நிற்கவைத்துத் திருடி என்கிறார். டோக்கியோவில் ஒரு தலைமையாசிரியர், தப்பு செய்த ஒரு பெரியவரைக்கூட மற்றவர் பார்வையிலிருந்து மறைத்துவைத்துக் கண்டிக்கிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ராத்திரியில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: கோபயாஷியிடம் இருந்தது அன்பு மட்டும் இல்லை, இடம் பற்றிய கவனம். எதை எந்த இடத்தில் சொல்வது, யார் காதில் விழக் கூடாது என்கிற கணக்கு. அதே தகாஹாஷி ஜெயிக்கிற மாதிரி விளையாட்டு விழாவின் போட்டிகளையே அவர் யோசித்து அமைக்கிறார். குள்ளமாக இருப்பது சௌகரியமாகிவிடுகிற போட்டிகள். அவன் எல்லாவற்றிலும் முதலாவதாக வருகிறான். தன்னம்பிக்கை பற்றி அவனிடம் அவர் லெக்சர் அடிக்கவில்லை. போட்டியை மாற்றினார். அவ்வளவுதான்.

*

நாம் லெக்சர்தான் அடிக்கிறோம். நன்றாகப் படி, முதல் மார்க் வாங்கு, எல்லாரும் தானாக உன்னை மதிப்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். ‘கருக்கு’வில் இதைச் சொல்வது பாமாவின் அண்ணன். பெரியவர் ஒருவர் தின்பண்டப் பொட்டலத்தைக் கையில் படாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வருகிற சின்னப் பிள்ளையிடம், அது ஏன் என்று விளக்குகிறவர் அவர்தான். படிப்புதான் வழி என்று சொல்கிறவரும் அவர்தான். பிள்ளை அதை அப்படியே பிடித்துக்கொள்கிறாள். முதலாவதாகவும் வருகிறாள்.

அண்ணன் அதைச் சொன்னதற்கும் நான் சொல்வதற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அண்ணன் அதே வீட்டில், அதே தெருவில் இருந்துகொண்டு தங்கச்சிக்கு ஒரு ஆயுதம் கொடுக்கிறார். டீச்சராகிய நான் அதையே சொல்லும்போது, என் வகுப்பறையைச் சரிசெய்கிற வேலையை அந்தப் பிள்ளையின் மார்க்கு மேல் தூக்கிவைக்கிறேன். நீ முதலாவதாக வா, அப்புறம் உன்னை மதிக்கிறோம். அப்படியானால் பதினேழாவதாக வருகிற பிள்ளைக்கு? என் வகுப்பில் எழாமல் உட்கார்ந்திருந்த பெண் நடுத்தரமாகப் படிக்கிறவள். அவளுக்கு மரியாதை கிடைக்க எத்தனை மார்க் வாங்க வேண்டும்?

முதல் மார்க்குக்கும் எல்லை உண்டு என்பதை ‘கருக்கு’ ஒளிக்கவில்லை. படித்து, வேலைக்குப் போய், ஏழைப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய முடியும் என்று நம்பிக் கன்னியாஸ்திரீயாகி, ஏழு வருஷம் இருந்துவிட்டு வெளியே வந்தவர் பாமா. சபைக்குள்ளேயும் பள்ளிகள் இருந்தன, அவற்றில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள், ஏழைகள் பெருக்கித் துடைத்தார்கள். மாணவியாகப் பார்த்த அதே கட்டடத்தை அவர் ஆசிரியராகவும் பார்க்கிறார். ‘கருக்கு’ காலவரிசையில் போகவில்லை, சொன்னதையே திரும்பச் சொல்கிறது என்று விமர்சகர்கள் சிலர் குறை சொல்வார்கள். பள்ளிக்கூடம் போன பிள்ளைக்கு அது அப்படித்தான் நடந்தது. மூணாம் வகுப்பில் நடந்தது ஏழாம் வகுப்பில் வேறு ஆள் கையால் நடக்கிறது, கல்லூரி ஹாஸ்டலில் வேறு சொல்லில் நடக்கிறது. திரும்பத் திரும்ப நடப்பதை ஒரு முறை மட்டும் எழுதினால் அது நாவலாக அழகாக இருக்கலாம், உண்மையாக இருக்காது.

அந்த அண்ணன் ராஜ் கௌதமன். 2024 நவம்பரில் மறைந்தார். 2002-இல் வந்த அவருடைய ‘சிலுவைராஜ் சரித்திரம்’ இதே மண்ணின் இன்னொரு பள்ளிக்கூடக் கதை. ஆனால் சுருதியே வேறு. தங்கை கொதிக்கிற இடத்தில் அண்ணன் சிரிக்கிறார், அதுவும் பெரும்பாலும் தன்னைப் பார்த்தே சிரிக்கிறார். சிலுவை என்கிற பையன் வாங்குகிற அடியும் அவன் செய்கிற சேட்டையும் ஒரே மூச்சில் வருகின்றன. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று டீச்சர்களுக்குச் சொல்வேன். ‘கருக்கு’வை மட்டும் படித்தால் நம் வகுப்பில் இருக்கிற ஒவ்வொரு தலித் பிள்ளையையும் காயமாக மட்டுமே பார்க்க ஆரம்பித்துவிடுவோம். அதுவும் ஒரு வகையில் எழுந்து நிற்க வைப்பதுதான். சிலுவை அதற்கு விடமாட்டான். எல்லாப் பிள்ளைகளையும் போலச் சோம்பேறியாகவும் குறும்பாகவும் பொய்யனாகவும் இருக்கிற உரிமை அவனுக்கு உண்டு.

*

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும், நான் தமிழ் டீச்சர் என்பதால். ‘கருக்கு’ எழுதப்பட்டிருக்கிற மொழியை என் மாணவி கட்டுரை நோட்டில் எழுதிக்கொண்டு வந்தால் நான் என்ன செய்வேன்? சிவப்பு மையில் வட்டம் போடுவேன். போட்டிருக்கிறேன். ‘பேச்சு வழக்கு, தவிர்க்க’ என்று ஓரத்தில் எழுதியிருக்கிறேன். அறிவொளி இயக்கத்தில் வேலை செய்த பேராசிரியர் ச. மாடசாமி ‘என் சிவப்பு பால்பாயிண்ட் பேனா’ என்று ஒரு புத்தகம் போட்டிருக்கிறார். ‘எனக்குரிய இடம் எங்கே?’ என்று இன்னொன்று. இரண்டு தலைப்பையும் ஒட்டிப் படித்தால் ஒரு வாக்கியமாகிறது: என் சிவப்புப் பேனா இருக்கிற நோட்டில் அவளுக்குரிய இடம் எங்கே?

பரீட்சைக்கு எழுத்துத் தமிழ் வேண்டும், அதில் சமரசம் கிடையாது, அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் வீட்டில் அம்மா பேசுகிற பேச்சு தப்பு என்று சொல்லித்தான் அதைச் சொல்லிக்கொடுக்க முடியுமா? இரண்டும் இரண்டு இடத்துக்கு உரியவை என்று சொல்லலாமே. இவ்வளவு சின்ன மாற்றத்துக்கு எனக்குப் பதினோரு வருஷ சர்வீஸ் தேவைப்பட்டது.

*

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை அவன் வீட்டிலேயே புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்களும் பள்ளி மாணவர்கள். கூடத் தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டுகிற வண்ணக் கயிறு, பள்ளிப் பெயர்களில் இருக்கிற சாதி, பிள்ளைகளை அகர வரிசையில் உட்கார வைப்பது என்று பல பரிந்துரைகள். செய்தியில் கயிறுதான் பெரிதாக வந்தது. டீ.வி. விவாதமெல்லாம் கயிறைப் பற்றித்தான். வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, உதவித்தொகை விவரங்களை வகுப்பில் எல்லார் முன்னாலும் பேசக் கூடாது, தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்பது போன்றவையும் அதில் இருந்தன. கயிறு மாணவர்கள் கட்டுவது, அதனால் அதைப் பற்றிப் பேசுவது நமக்குச் சுலபம். இது டீச்சர் வாயிலிருந்து வருவது.

அந்த அறிக்கைக்கு 32 வருஷத்துக்கு முன்னாலேயே, எங்கள் மாவட்டத்துப் பெண் ஒருத்தர் இதைப் புத்தகமாகவே எழுதிவைத்துவிட்டார். அதை நாம் இலக்கியம் என்று அலமாரியில் வைத்துக்கொண்டோம். அறிக்கை வந்தது. அதைச் சுற்றறிக்கை என்று ஃபைலில் வைத்துக்கொண்டோம். ஸ்டாஃப் ரூமில் சுற்றுக்கு வருகிற காகிதங்களில் எத்தனையில் நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும்.

‘கருக்கு’வை டீச்சர் பயிற்சிக் கையேடாகச் சுருக்குகிறீர்கள் என்று இதைப் படிக்கிற இலக்கிய நண்பர்கள் சொல்லலாம். அதன் மொழியை, அதன் சிதறலை, அதில் வருகிற கண்மாய் மீனையும் பாட்டியையும் கொண்டாட்டங்களையும் விட்டுவிட்டு ஆறு பக்கத்தைப் பிடித்துத் தொங்குவதாகத் தோன்றலாம். நியாயம்தான். ஆனால் பனைமட்டையின் இரண்டு பக்கமும் பல் இருக்கும். எடுத்துப் படிக்கிறவர் கையையும் அது கீறத்தான் செய்யும். கல்லூரியில் நான் அதை நடுவில் பிடித்துப் படித்தேன், கையில் ஒன்றும் ஆகவில்லை. ஒரு புத்தகத்தை எந்த இடத்தில் பிடிக்கிறோம் என்பதும் விமர்சனம்தான் என்று நினைக்கிறேன்.

*

மறுநாள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். எங்கே வைத்துப் பேசுவது என்று யோசித்தேன். ஸ்டாஃப் ரூம் வேண்டாம். வகுப்பும் வேண்டாம். நோட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்லி, சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் வேப்பமரம் வரை நடந்தோம். “நேத்து நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா. தப்பு என் மேலதான்” என்றேன். “பரவாயில்ல டீச்சர்” என்றாள். பிள்ளைகள் வேறு என்ன சொல்லும்? அதை மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் ஒரு உறுத்தல் வந்தது. தப்பை எல்லார் முன்னாலும் செய்துவிட்டு மன்னிப்பை வேப்பமரத்தடியில் கேட்டால், நானும் அந்தக் கடிதக் கதைக்குத்தானே வருகிறேன்? ஆனால் வகுப்பில் வைத்துக் கேட்டால் இன்னொரு முறை அவளை எழுந்து நிற்கவைத்த மாதிரி ஆகும். இதற்கு எந்தப் புத்தகத்திலும் விடை இல்லை.

கடைசியில் வகுப்பில் யார் பெயரும் சொல்லாமல் ஒன்று சொன்னேன். “இனிமே நான் எந்தக் கணக்குக்கும் யாரையும் எந்திரிச்சு நிக்கச் சொல்ல மாட்டேன். போன வாரம் சொன்னது என் தப்பு.” நாற்பத்தி மூணு பேரும் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார்கள். பின்னாலிருந்து ஒரு பையன் கேட்டான்: “அப்ப ஹோம் ஒர்க் எழுதலைன்னாலும் நிக்க வேண்டாமா டீச்சர்?” எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். “வேண்டாம்” என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. அதைக் காப்பாற்றுவதுதான் எனக்கு இதுவரை ரொம்பச் சிரமமாக இருக்கிறது.

‘ப’ எங்கள் அறையில் ரொம்ப நாள் தாங்கவில்லை. ஓரத்தில் இருந்தவர்களுக்குக் கழுத்து வலித்தது, கரும்பலகை பளபளத்தது, நடுவில் நான் நடக்கவே இடமில்லை. பெஞ்சுகள் வரிசைக்குத் திரும்பிவிட்டன. அகர வரிசையில் உட்கார வைத்திருக்கிறேன், மாதம் ஒருமுறை முன்வரிசை பின்னால் போகும்.

போன வாரம் மூணாவது பீரியடில் வாசலில் ஒரு சார் வந்து நின்றார். கையில் ஃபைல். நல்ல மனுஷர், பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டியது ஒரு ரூபாய் குறைந்தாலும் சண்டை போடுகிறவர். உள்ளே எட்டிப் பார்த்து, “டீச்சர், எஸ்.சி. பிள்ளைகள மட்டும்…” என்று ஆரம்பித்தார். நான் வேகமாக வாசலுக்குப் போனேன். “லிஸ்ட்டக் குடுங்க சார், நான் தனியாப் பார்த்து அனுப்புறேன்” என்றேன். “இது என்ன டீச்சர் புதுசா?” என்று சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டுப் போனார்.

திரும்பி வந்தேன். மூணாவது பெஞ்சில் அவள் மார்ஜின் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கோடு போட்டு, ஸ்கேலை எடுத்துவிட்டு, தேதி எழுத ஆரம்பித்தாள்.